செம்மை அவள் சித்தம்

படிகார நீருக்கு நிறமில்லை. மூங்கில் கோலின் நுனியில் சுற்றிய கம்பளியை அந்த நீரில் தோய்த்து, அன்னையின் ஆடை எங்கெங்கே சிவக்க வேண்டுமோ அங்கெல்லாம் எழுதிக்கொண்டே போகிறேன். எழுதிய இடத்தில் ஈரம் ஒரு கணம் மினுங்குகிறது. முற்றத்துக் காற்று தீண்டியதும் அந்த மினுக்கமும் மறைந்து, கடுக்காய் ஏறிய துணியின் இளமஞ்சள் மட்டும் எஞ்சுகிறது. எழுதினேனா? எழுதினேன். எங்கே? அவளுக்குத்தான் தெரியும். புலப்படாத வர்ணத்தால் புலன்கடந்தவளை எழுதும் இந்தப் பாக்கியம், அம்மா, எந்தப் பிறவியில் எவர் செய்த புண்ணியமோ, வழிதவறி என் கையில் வந்து சேர்ந்திருக்கிறது!

திருவிடைமருதூருக்கு வடக்கே, காவிரிக் கரையோரம் ஓர் ஓட்டு வீடு. ஊரார் அதைச் சாயப்பட்டறை என்பார்கள், நான் மறுப்பதில்லை. முற்றத்தில் அவுரித் தாழி, கூடத்தில் நீண்ட பலகைகள், உத்தரத்திலிருந்து உருளையாய்த் தொங்கும் துணித் தொம்பைகள், ரேழியில் அடுக்கிய விதானங்களும் வாசமாலைகளும் தேர்ச்சீலைகளும். கொல்லையில் மாதுளையும் கொன்றையும், அவற்றுக்கெல்லாம் பெரியம்மாவாக ஒரு மருத மரமும். மாடத்தில் விளக்கு. விளக்கை அடுத்து, அகில உலகமும் முறைவைத்து வந்து பாடிவிட்டுப் போகும் ஒரு பழைய ஒலிபெருக்கி. இவ்வளவுதான் என் ராஜ்ஜியம். இல்லை, என்னுடையது என்று நாக்கு கூசாமல் சொல்லிவிட்டேன். அவளுடைய ராஜ்ஜியம், அதில் சாணம் கரைக்கிற ஊழியம் எனக்கு.

ஆம், சாணம்தான்! தெய்வத்தை எழுதும் காரியம் அங்கேதான் தொடங்குகிறது. கஞ்சி ஏறிய காடாத் துணியைச் சாணக் கரைசலில் ஊறவைத்து, ஆற்றில் அலசி, வெயிலில் விரித்து, காயக் காய நீர் தெளித்து, மறுபடி ஊறவைத்து, மறுபடி விரித்து... கறையெல்லாம் கரைந்து துணி வெளுத்துவரும் அழகைப் பார்க்க வேண்டுமே! அசுத்தம் என்று உலகம் மூக்கைப் பொத்துகிற ஒன்றைக் கொண்டு வெண்மையை வரவழைக்கிறாள், விளையாட்டுக்காரி! பிறகு கடுக்காய்ச் சாறு. அதனோடு எருமைப் பால். கடுக்காயின் துவர்ப்பு இழைக்குள் இறங்கி, வரப்போகும் வர்ணத்துக்கு இடம் ஒதுக்கி வைக்கும். பாலின் கொழுப்பு, எழுதிய கோடு ஊறிப் பரவாமல் காக்கும். இந்தக் கடுக்காய் மரமும் திருவிடைமருதூரின் தலவிருட்சமான மருதும் ஒரே குலத்துச் சகோதரிகள் என்று தாவர நூலார் சொல்கிறார்கள். இரண்டும் டெர்மினேலியா பேரினம். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. மருத வனத்தில் அமர்ந்தவள் தன் சித்திரத்துக்கு வேண்டிய துவர்ப்பையும் தன் சுற்றத்திலிருந்தே தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

எனக்கு இந்த வித்தையைப் பிச்சையிட்டவர் சிக்கல்நாயக்கன்பேட்டைப் பக்கத்துப் பெரியவர். நாயக்க மன்னர் காலத்திலிருந்து கோயில்களுக்குச் சீலை எழுதிவரும் பரம்பரை அந்த வட்டாரத்துப் பரம்பரை. 'கருப்பூர் கலம்காரி' என்ற பெயரில் 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே கொண்டாடியது. பெரியவர் மட்டும் வெற்றிலையை மடித்தபடி, "அம்பாளுக்கு இது முன்னாடியே தெரியும், தாயீ" என்றார். அவருக்கு எல்லாமே அப்படித்தான். புளியங்குச்சியைச் சுட்டெடுத்த கரியால் அவர் துணிமேல் கைவைத்தால் அளவுகோல் கிடையாது, அழித்தெழுதுதல் கிடையாது. பாதத்தில் ஆரம்பித்து மேலே ஏறுவார். கண்ணை மட்டும் கடைசிவரை திறக்க மாட்டார். "கண்ணு தொறந்துட்டா அவ நம்மளப் பாக்க ஆரம்பிச்சிடுவா. அப்புறம் கையி நடுங்கும்." சொல்லும்போதே அவர் குரல் நடுங்கும்.

கருப்பு மை பானையில் பிறக்கிறது. துருப்பிடித்த இரும்புத் துண்டுகள், வெல்லம், நீர். வாயைக் கட்டி மூலையில் வைத்துவிட்டால், வாரங்கள் செல்லச் செல்ல உள்ளே ஏதோ ஒரு தவம் நடக்கும். நுரைக்கும், புளிக்கும், பிறகு அடங்கும். வடித்தெடுத்தால் சோகையான பழுப்பு நீர். இதுவா கருப்பு? கடுக்காய் ஏறாத துணியில் தொட்டுப் பாருங்கள்: வெறும் துருக்கறை. கடுக்காய் உண்ட துணியில் தொடுங்கள்: கோல் நகர நகரக் கருமை விழித்தெழுகிறது, காளியின் கூந்தல் அவிழ்ந்தாற்போல! அன்னையின் புருவம், இமை, சிலம்பின் விளிம்பு, சடையின் ஒவ்வோர் இழை, எல்லாம் துருவிலிருந்து. வீசியெறிந்த லாடமும் ஒடிந்த ஆணியும் அவள் கண்ணுக்கு மையாகும் பேறு பெற்றுவிட்டன. நான் மட்டும் எதற்கும் உதவாதவள் என்று ஏன் அஞ்ச வேண்டும்?

பிறகுதான் படிகாரம். அந்த நிறமற்ற நீர். பிறகுதான் அண்டா.

அண்டா வைக்கும் நாள் எங்களுக்குத் திருநாள். விடியலிலேயே விறகு மூளும். அண்டா செம்பாக இருக்க வேண்டும். இரும்பு பட்டால் சிவப்பு வாடிப்போகும். சோழமண்டலக் கரையின் மணற்பாங்கில் தரையோடு தரையாகப் படரும் ஓர் எளிய பூண்டின் வேரை இடித்து அதில் இடுவோம். இம்பூறல் என்றும் சாயவேர் என்றும் அதற்குப் பெயர். தலை நிமிர்ந்து நிற்கத் தெரியாத செடி, வெண்ணிறப் பொடிப்பூ, மிதித்துப் போகிறவருக்கு அது ஒரு புல். அதன் மெல்லிய வேருக்குள் அல்லவா அவள் செம்மையைப் புதைத்து வைத்தாள்! மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் இந்த வேரைத் தோண்டுவதையே டச்சுக்காரர் அரசாங்க வருமானமாக்கினார்கள். கடற்கரை மணலில் கிளிஞ்சல் சுண்ணாம்பு கலந்திருந்தால் சிவப்பு இன்னும் சுடரும் என்பது தோண்டியவர்களுக்கும் தெரியும், சாயமேற்றியவர்களுக்கும் தெரியும். கடலின் சங்கும் சிப்பியும் பொடிந்து, மணலாகி, வேராகி, வர்ணமாகி, அவள் இடையைச் சுற்றிக்கொள்ள எத்தனை யுகம் காத்திருந்தனவோ!

அண்டா நாளில் ஒலிபெருக்கியில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைத் தவிர வேறு எவருக்கும் அனுமதி இல்லை. 1956இல் உடலை உதிர்த்துவிட்ட அந்த மகாவித்வானின் ஊர் எங்களுக்குப் பக்கத்து ஊர். இதே காவிரிக் காற்றை உள்ளிழுத்துத்தான் அவர் தோடியாக வெளிவிட்டார். துணியைச் சுருட்டி வெந்நீரில் இறக்குகிறோம். கம்பால் கிளறுகிறோம். ஆவி கண்ணை மறைக்கிறது. தோடியின் காந்தாரம் அசைந்து அசைந்து, நிற்கிறதா நகர்கிறதா என்று தெரியாமல், அடிவயிற்றிலிருந்து ஒரு தேம்பலாக எழும்புகிறது. நாயனம் மேலே ஏற, நெருப்பு மேலே ஏற, ஏதோ ஒன்று உள்ளுக்குள் முறுகி முறுகி, இனித் தாளாது, இனித் தாளாது என்று இருக்கிற அந்தக் கணத்தில் கம்பு துணியின் ஒரு முனையைத் தூக்கிக் காட்டுகிறது...

சிவப்பு!

அம்மா, சிவப்பு! எழுதியது எங்கே என்று நானே மறந்துபோன இடங்களிலெல்லாம் சிவப்பு! விரலின் நகத்தில், உள்ளங்காலில், ஆடையின் மடிப்பில், உதட்டின் விளிம்பில், மெட்டிக்குக் கீழே நான் போகிறபோக்கில் வைத்த ஒரு சின்னப் புள்ளியில்கூட! ஒரு புள்ளியையும் அவள் தவறவிடவில்லை. இழையைப் படிகாரம் பற்றிக்கொண்டிருந்தது, படிகாரத்தை வேரின் செம்மை பற்றிக்கொண்டது, இனிப் பிரிவில்லை. ரசாயனம் படித்தவர் அதை அலுமினியம் என்றும் அலிசரின் என்றும் சொல்லட்டும், வணங்கிக் கேட்டுக்கொள்கிறேன். ஆயினும் அந்த ஆவிக்கு நடுவே நின்ற எவரும் அந்தச் சொற்களை உச்சரித்து நான் கேட்டதில்லை. எங்கள் பட்டறையில் கம்பு பிடிக்கும் பையன் கிறிஸ்தவன். அவன் சிலுவைக் குறி இட்டுக்கொள்வான். பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொள்வார். நான் அழுவேன். வேறென்ன செய்ய?

இன்னும் கேளுங்கள். அண்டா ஒன்றே, வேர் ஒன்றே, நெருப்பும் ஒன்றே. படிகாரம் தொட்ட இடம் சிவக்கிறது. இரும்பு தொட்ட இடம் கருமையில் ஆழ்கிறது. இரண்டும் கலந்து தொட்ட இடம் அரக்காகிறது. எதுவும் தொடாத இடமோ ஒரு மெல்லிய ரோஜாக் கறையோடு வெளியே வந்து, சாணத்திலும் வெயிலிலும் மீண்டும் தன் வெண்மைக்கே திரும்பிவிடுகிறது. ஒரே கருணா பிரவாகத்தில் மூழ்கி எழுந்தும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். முன்பே அவள் யார்யாரை எதனால் தொட்டு வைத்தாளோ! நம் பிறவியின் வெளிர்மஞ்சளில் எங்கெங்கே நிறமற்று எழுதி வைத்திருக்கிறாளோ! என்றைக்கு அண்டா ஏற்றுவாளோ!

1868இல் ஜெர்மானிய வேதியியலார் இருவர் இந்தச் செம்மையை நிலக்கரித் தாரிலிருந்தே செய்துகாட்டினார்கள். சில ஆண்டுகளுக்குள் உலகெங்கும் வேர் வயல்கள் வெறிச்சோடின. தாரின் சிவப்பும் சிவப்புதான். அதையும் அவளே ஒளித்துவைத்தாள், மறுக்கவில்லை. கடைவீதியில் அச்சடித்து விற்கும் 'கலம்காரி டிசைன்' புடவை கட்டி வருகிற பெண்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேரின் சிவப்பைப் பாருங்கள்: அதில் ஓர் ஓரம் ஆரஞ்சு, ஓர் ஓரம் மாதுளை, மேகம் கடந்தால் ஒன்று, வெயில் விழுந்தால் ஒன்று. துவைக்கத் துவைக்க அது வெளிறவில்லை, கனிகிறது. எனக்கு அது போதும்.

மஞ்சளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கடுக்காய்ப்பூ, கொஞ்சம் படிகாரம். கோலைத் தொட்டால் வந்து நிற்கும், கூப்பிட்டதும் ஓடிவரும் கடைக்குட்டி.

நீலமோ!

நீலத்தைக் கோலால் எழுத முடியாது, தாழியில் மூழ்கித்தான் பெற வேண்டும். அவுரிக்குச் சுண்ணாம்பும் தகரை விதைக் கஞ்சியும் ஊட்டி, பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பதுபோல் வெம்மை பார்த்து, வாசனை பார்த்துக் காத்திருப்போம். மேலே செம்புநிற நுரை பூக்கும். கீழே தாழியின் அடிவயிற்றில் பச்சை கலந்த மஞ்சள் நீர். நீலம் கூடாத இடங்களையெல்லாம் தேன்மெழுகால் மூடி, துணியை மூச்சடக்கி உள்ளே இறக்கி, மூச்சடக்கி வெளியே எடுக்கிறோம். எடுத்த கணத்தில் அது பச்சை. கிளிப்பச்சை. மீனாட்சியின் தோளிலிருந்து பறந்துவந்த பச்சை! காற்று வருகிறது. ஓரத்தில் ஒரு நிழல். நிழல் பரவுகிறது. பச்சை ததும்பி, தயங்கி, தன்னை மறந்து, நம் கண்ணெதிரே, நாம் இமைப்பதற்குள், நீலமாகிறது! பச்சைத் திருமேனியாளும் நீலத் திருமேனியானும் உடன்பிறந்தவர்கள் என்று பாட்டி சொன்ன கதையை இனி எவரிடம் போய் நான் மெய்ப்பிக்க வேண்டும்? ஒரு முழத் துணியில் தங்கை அண்ணனாகிறாள். காற்று ஒன்றே சாட்சி.

காவிரித் துறையில் நீலத்துணியை அலசிக்கொண்டிருக்கையில் ஒரு மீன்கொத்தி வந்து மூங்கில் கழியில் அமரும். அதன் நீலத்தில் சாயம் இல்லையாம். இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி சிதறுவதால் தோன்றும் நீலமாம். பிழிந்தால் ஒரு துளியும் வராதாம். இதைப் படித்த அன்று எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. இலைக்குள் வைத்த நீலத்தை எங்களுக்குக் கொடுத்தாள், வைத்துப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று. ஒளிக்குள் வைத்த நீலத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள். அதை எந்தத் தாழியும் வாங்காது, எந்தக் கம்பெனியும் விற்காது. தாயே, எங்கள் கை எட்டாத உயரத்தில் நீ கொஞ்சம் அழகை வைத்திருக்கிறாயே, அதற்காகத்தான் உன்னை இன்னும் அதிகமாகச் சரணடைகிறேன்!

ஆற்றில் தண்ணீர் இருந்தால்தான் எங்களுக்கு ஆண்டு தொடங்கும். ஓடுகிற நீரில்தான் மிகைச் சாயமும் மிகைப் படிகாரமும் கழுவிப்போகும். தேங்கிய நீரில் அலசினால் கோட்டுக்குக் கோடு கறை பரவிவிடும். மேட்டூரில் ஜூன் 12 அன்று மதகு உயர்ந்தது என்று செய்தி வந்தால் நாற்றங்கால்காரர்களைவிட நாங்கள்தான் முதலில் கற்பூரம் ஏற்றுவோம். திறக்காத ஆண்டுகளும் உண்டு. அப்போது துணிகள் கடுக்காய் மணத்தோடு மடிப்பிலேயே காத்துக்கிடக்கும், நாங்களும்தான். பிறகு ஒரு நாள் மணல் நனையும். நுரையும் சருகுமாக முதல் நீர் வரும். துறைப் படியில் இறங்கி இடுப்பளவு நீரில் சீலையை விரித்துவிட்டால், ஆஹா, ஆறே சீலை உடுத்துக்கொண்டதே! அன்னையின் திருமுகம் அலையில் நெளிந்து நெளிந்து சிரிக்கும். கையை விட்டுவிடலாமா, இப்படியே அவள் போகிற போக்கில் பூம்புகார்வரை போய்விடலாமா என்று ஒரு கிறுக்கு வரும். பெரியவர் கரையிலிருந்து அதட்டுவார்: "முந்தியைப் புடி தாயீ, தேருக்கு ஆகணும்!"

கோடு எழுதும் நாட்களில்தான் ஒலிபெருக்கி உலகத்தைத் திறந்துவிடும். மாலி நாட்டுக் கோரா, 21 தந்திகள், பாதியாகப் பிளந்த பெரிய சுரைக்குடுவை, மேலே பசுந்தோல். தூமானி ஜாபாத்தே வாசிக்க ஆரம்பித்தால் கோல் தானாக நகர்கிறது. கட்டைவிரல் ஓரிடத்தில் ஆழத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, சுட்டுவிரல் மேலே மழையாகத் தூறிக்கொண்டிருக்க, ஒரு மனிதர்தானா வாசிப்பது என்று திகைப்பேன். தந்தையிடமிருந்து மகனுக்கு, தந்தையிடமிருந்து மகனுக்கு என்று வாத்தியமே குலமாக வாழும் மரபு அவர்களுடையது. நம் நாயனக்காரர்களின் தெருவில் பிறந்த எவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. 2024இல் அவர் மறைந்த செய்தி வந்தபோது மாடத்து விளக்கில் ஒரு திரி கூட்டினோம். சகாராவின் ஓரத்தில் ஒரு சுரைக்குடுவையும், தஞ்சாவூரில் ஒரு வீணைக் குடமும்! அவள் மடியில் வைத்து மீட்டாத வாத்தியம் எங்காவது உண்டா?

ஜாவாவின் கெமலான் வாத்தியக் குழுவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே பெரிய கோங்குகளுக்குப் பெயர் உண்டு, மரியாதைப் பட்டம் உண்டு. பூவும் தூபமும் வைப்பார்கள். வாத்தியங்களைத் தாண்டி நடக்க மாட்டார்கள். கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நம் வழக்கத்துக்கு அது எத்தனை நெருக்கம்! ஐந்து ஸ்வரத்தில் அவர்கள் நெய்யும் ஸ்லெண்ட்ரோ, மோகனத்தை எங்கோ கனவில் கேட்டவர் நினைவுபடுத்திப் பாடுவதுபோல இருக்கும். பெரிய கோங்கு ஒலிக்கும்போது நான் கோலை எடுத்துவிடுவேன். அந்த அலை அடங்கும்வரை துணிமேல் எதையும் எழுத உரிமையில்லை. கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் பதே அலி கானோ வேறு விதம். அவர் ஒரு நாமத்தைப் பிடித்துக்கொண்டு, திருப்பி, புரட்டி, உயர்த்தி, நொறுக்கி, அந்த நாமத்துக்குள்ளேயே தான் காணாமல் போகிறார். அவர் அழைக்கும் நாமம் வேறு. எனக்குக் கேட்பது 'அம்மா'. இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது என்கிறார்கள். அந்தக் குரல் உச்சத்தில் ஏறும்போது நான் தேடிப்பார்க்கிறேன், அகப்படவில்லை.

இன்னொன்று. 1977இல் அமெரிக்கர் ஏவிய வாயேஜர் விண்கலங்களில் ஒரு பொன் இசைத்தட்டு போகிறது. அதில் ஜாவாவின் கெமலான் இருக்கிறது. நம் நாட்டிலிருந்து கேசர்பாய் கேர்க்கரின் பைரவி இருக்கிறது. இந்துஸ்தானி பைரவியின் ஏழு ஸ்வரங்களும் நம் தோடியின் ஏழு ஸ்வரங்கள்தாம். நினைத்துப் பாருங்கள்! எங்கள் அண்டாவின் ஆவியில் அசைந்த அதே காந்தாரத்தின் அக்காள், 2012இல் சூரியக் காற்றின் எல்லையையும் தாண்டி, கேட்க ஒரு காதும் இல்லாத பேரிருளில் போய்க்கொண்டிருக்கிறாள். காது இல்லையென்று யார் சொன்னது? இருளே அவள் காது. நட்சத்திரங்கள் அவள் தோடு. பிரபஞ்சமே அவள் சபாமண்டபம் என்றிருக்க, பைரவி எந்தத் திசையில் போனால் என்ன, அவள் சன்னிதிக்குத்தானே போகிறது!

துணியும் அப்படித்தான் உலகெல்லாம் போனது. சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிமேல் ஐரோப்பா கொண்ட மோகத்துக்கு அளவில்லை; 1686இல் பிரான்ஸ் தடை போட்டது, 1700இல் இங்கிலாந்து சட்டம் போட்டது, துவைத்தாலும் போகாத அந்த வர்ண ரகசியத்தை அறிய 1742இல் கேர்தூ என்ற ஏசுசபைப் பாதிரியார் இங்குள்ள சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதி அனுப்பினார். படிகாரமும் வேரும் பாலும் எல்லாம் அவர் குறிப்பில் ஏறிப் போயின. ஏறிப் போகாதது ஒன்று உண்டு. கண் திறக்குமுன் பெரியவர் குரலில் வரும் நடுக்கம். எனக்கு அதைவிடப் பிடித்த சேதி சுலாவெசித் தீவிலிருந்து வருவது. அங்கே தொராஜா மக்கள் இந்தியத் துணிகளைப் புனிதப் பொருளாகத் தலைமுறை தலைமுறையாகப் பேணி, சடங்கு நாட்களில் வெளியே எடுத்தார்கள். விலைக்குப் போன துணி அங்கே தெய்வமாகி உட்கார்ந்துகொண்டது. வியாபாரிக்கு இது தெரிந்திருக்குமா? அவளுக்குத் தெரியும்.

கொள்ளிடத்துக்கு அப்பால் கொடாலிக்கருப்பூரில் எழுதிய புடவைகள் தஞ்சை மராட்டிய அரண்மனைக்கென்றே போனவை. சரிகை ஊடே நெய்து, அதன்மேல் மெழுகிட்டுச் சாயம் ஏற்றி, பொன் அடியிலிருந்து செம்மை வழியாகக் கசியும் புடவைகள். 1855இல் அரசு போனது. பின்னே புடவையும் போனது. இன்று அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் தூங்குகின்றன. திருவிடைமருதூர்க் கோயிலுக்குள் போனால், அந்த அரச குடும்பத்துப் பெண்ணொருத்தி வேண்டுதல் கனிந்ததற்காகத் தன்னையே பாவை விளக்காக வார்த்து நிறுத்தியிருப்பதைக் காணலாம். கையில் அகலோடு, உலோகத்தில் உறைந்த நாணத்தோடு நிற்கிறாள். கருப்பூர்ப் புடவை கட்டாமலா இருந்திருப்பாள் அவள்? அந்த மடிப்புகளின் முன் நின்று எத்தனை நேரம் நான் வர்ணம் தேடியிருக்கிறேன்! அவளோ வர்ணத்தைக் கொடுத்துவிட்டாள், உடலைக் கொடுத்துவிட்டாள், காதலைக்கூடக் கொடுத்துவிட்டு, எண்ணெயையும் திரியையும் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். பெண்ணே, உன் காலடியில் என் கோலை வைக்கிறேன், ஆசீர்வதி!

தைப்பூசம் வந்தது. வீதி நிறைந்தது. ஐந்து தேர்களும் அலங்கரித்து நின்றன. விடியுமுன்பே தொம்பைகளை ஏற்றிக் கட்டிவிட்டிருந்தார்கள்: எங்கள் பட்டறையில் எழுதியவை, வேறு கைகள் எழுதியவை, தையல்காரர் துணி ஒட்டித் தைத்தவை, என் பெரியவரின் தகப்பனார் காலத்தியவை என்று சொல்லப்படும் சில நைந்த பழையவை. மேளம் முழங்க, காற்றுக் கிளம்ப, அத்தனை தொம்பைகளும் ஒருசேரச் சுழன்றன. சிவப்பு, கருப்பு, அரக்கு, நீலம், சிவப்பு, சிவப்பு! அன்னை ஒருத்தி அத்தனை சீலையிலும் அத்தனை திசையில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். என்னுடையது எது? அண்ணாந்து தேடினேன். மெட்டிக்குக் கீழே புள்ளி வைத்தேனே, அது எங்கே? எல்லா மெட்டிக்குக் கீழும் புள்ளி இருந்தது. எல்லா உதடுகளும் சிவந்திருந்தன. எழுதியவள் யார், எழுதப்பட்டவள் யார், அண்ணாந்து நிற்கிறவள் யார்? ஐயோ, ஒன்றும் தெரியவில்லையே! தேடியவளையும் காணோமே! அம்மா! அம்மா!

"என்னடியம்மா நின்னு வேடிக்கை பாக்குறே, வடத்தப் புடி!" என்று பின்னாலிருந்து ஒரு கிழவி என் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிடித்தேன். ஆயிரம் உள்ளங்கைகளின் வியர்வையில் வடம் வழுக்கியது. முட்டுக்கட்டை எடுத்தார்கள், அடியில் சக்கரம் முனகியது, "இழு! இழு!" என்று வீதி முழுக்க ஒரே தொண்டையானது. நானும் கத்திக்கொண்டு இழுத்தேன், சாயம் ஏறிய நகங்கள் வடத்தில் புதைய.